பதின்மூன்றாம் நாள் காணிக்கை

குடிநீர் வாரியத்தின் பண்டகசாலையில் இருபத்தெட்டு வருடம் இருப்புப் பதிவேடு எழுதியவருக்கு அலுவலகம் வைத்த பெயர் மேற்படியார். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. இரும்புக் குழாய், ஆறடி நீளம், நான்கு அங்குல விட்டம், துரு இல்லை என்று ஒரே ஒரு முறை அழகாக எழுதுவார். அதற்குப் பிறகு லாரி லாரியாகக் குழாய் வந்து இறங்கினாலும் மேற்படி, மேற்படி, மேற்படிதான். சொன்னதையே இன்னொரு தரம் சொல்வது அவருக்கு ஆகாது. மையும் மிச்சம், வாயும் மிச்சம் என்பார். அப்படி மிச்சம் பிடித்த வாயை வைத்து அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஒழுங்கான பதில் வந்திருக்காது.

வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமான புதிதில் மூன்று மாதம் வெளியூரில் வேலை. முதல் கடிதம் நான்கு பக்கம் எழுதினார். அதைப் படித்த மனைவிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இரண்டாவது கடிதத்தில், 'என் உடல்நலமும் உன்மேல் உள்ள பிரியமும் சென்ற கடிதத்தில் கண்டபடியே' என்று இருந்தது. மூன்றாவது வந்தது தபால் அட்டை. அதில் இருந்த ஒற்றை வார்த்தை என்னவென்று சொல்லவே வேண்டாம்.

மனைவி ஒரு தையல்கடையில் காஜா எடுப்பவள். சட்டைக்கு ஏழு பொத்தான் துளை, ஒரு நாளைக்கு நாற்பது சட்டை. ஒவ்வொரு துளையையும் வெட்டி, விளிம்பைச் சுற்றி நூலால் கட்டி, முடிச்சைப் பல்லால் கடித்துவிட்டு அடுத்த துளைக்குப் போவாள். இவர் ஒரு முறை அவளைச் சீண்டினார், எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, அலுக்கவில்லையா என்று. "காஜாவுக்கு மேற்படி போட முடியுமா? சட்டை திறந்துக்கிட்டுல்ல கிடக்கும்" என்றாள். இவர் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார்.

இருபத்தேழாவது கல்யாண நாள் காலையில் அவர் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்காவது ஏதாவது சொல்லக் கூடாதா என்று கேட்டாள் அவள். போன வருடம் என்ன சொன்னேன் என்று கேட்டார் இவர். "நல்லா இரும்மான்னு சொன்னீங்க" என்றாள்.

"மேற்படி" என்றார்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார். பதினொரு மணிக்குப் பண்டகசாலையில் வால்வுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது வலது கை சொன்னபடி கேட்கவில்லை. அப்புறம் வலது கால். அப்புறம் தரை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மனசுக்குள் எல்லாம் தெளிவாக இருந்தது. மனைவி யார், இது எந்த இடம், எண்ணி முடிக்காத வால்வு எத்தனை, எல்லாம் தெரிந்தது. வாயைத் திறந்தால் மட்டும் ஒரே ஒரு வார்த்தை வந்தது. கிடங்கு முழுக்கத் தீப்பிடித்து ஒரே ஒரு சாமான் மிஞ்சினால் அது எதுவாக இருக்கும்? எது வாசலுக்குப் பக்கத்தில் கிடந்ததோ அதுதான்.

உங்கள் பெயர் என்ன என்று கேட்டார் டாக்டர். "மேற்படி." தலை வலிக்கிறதா? "மேற்படி." கஞ்சியா ரொட்டியா என்று கேட்டுக்கொண்டு வந்த பணியாளர் அதே பதிலைக் கேட்டு, எந்தப் படி என்று சண்டைக்கு வந்தார். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த லாரி டிரைவர் முதல் இரண்டு நாள் இவரைப் பெரிய திமிர் பிடித்தவர் என்று நினைத்துப் பேச்சையே விட்டுவிட்டார். நோய் என்று தெரிந்த பிறகு வெட்கப்பட்டு, தன் வண்டி கவிழ்ந்த கதையைத் தினமும் இவரிடம் சொல்ல ஆரம்பித்தார். மறுத்துப் பேச முடியாத ஆள் அந்த வார்டில் இவர் ஒருவர்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சின்ன வயதுப் பெண் வருவாள். வார்டில் அவளுக்குப் பேச்சு டாக்டர் என்று பெயர். அவள் மனைவியிடம் விளக்கினாள். வார்த்தைகளைத் தேடி எடுக்கும் இடம் அடிபட்டிருக்கிறது. ஆனால் மனப்பாடமாகச் சொல்வது, எண்ணுவது, பாடுவது எல்லாம் மூளையில் வேறு மூலையில் இருக்கும். அந்த மூலை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கலாம். முதல் மூன்று மாதத்தில் வருவதுதான் பெரும்பாலும் வரும். பிறகு வருவதெல்லாம் ஆமை வேகத்தில்தான். இதைச் சொன்னபோதே ஐந்து வாரம் போயிருந்தது.

அவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். கை போனதைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. இனி பேச்சே வராமல் போனால், இருபத்தேழு வருட வாழ்க்கையில் தான் மனைவியிடம் கடைசியாகச் சொன்னது வாசலில் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வேறு போனோமே என்று நினைத்தார். அதை அழித்து வேறு ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்பதெல்லாம் பிறகு. அது அல்லாத ஏதாவது ஒன்று.

தினமும் மாலையில் அவருடைய அக்கா வருவார். அக்காவின் வேதாகமத்தில் ஆறுதலான வசனம் இருக்கும் பக்கங்களில் எல்லாம் வண்ண நூல் தொங்கும். துக்கத்துக்கு நீலம், கடனுக்குப் பச்சை, நோய்க்குச் சிவப்பு. சிவப்பு நூலைப் பிடித்துத் திறந்து, ஊமையன் நாவு பாடும் என்ற இடத்தைத் தம்பியின் காதுக்குள் கத்திப் படிப்பார். காது நன்றாகக் கேட்கிறது என்று பேச்சு டாக்டர் எத்தனை தடவை சொல்லியும் பிரயோசனமில்லை. படித்து முடித்து நிமிர்ந்து தம்பி முகத்தைப் பார்ப்பார், இப்போதே பாடிவிடுவார் என்பதுபோல. இவர் "மேற்படி" என்பார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

மேய்ப்பனின் சங்கீதத்தை ஒரு வாரம் படித்தார். புல்வெளி, அமைதியான தண்ணீர், நிரம்பி வழியும் பாத்திரம் என்று கேட்கக் கேட்க இவருக்கு அழுகையாக வந்தது. அழுதால் அக்கா அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாகப் படித்தார்.

ஒரு நாள் சபையின் போதகரையும் கூட்டிவந்தார். போதகர் கூச்ச சுபாவம். நல்லது சொல்ல நினைத்து, பேச்சை இழந்து மறுபடி பெற்ற சகரியாவின் கதையை எடுத்தார். தேவதூதன் சொன்னதை நம்பாததால் சகரியாவின் வாய் அடைபட்டது என்ற இடம் வந்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீ எந்தத் தூதனை நம்பாமப் போனே? உண்மையைச் சொல்லு."

"மேற்படி" என்றார் தம்பி.

போதகருக்கு வியர்த்துவிட்டது. அவசரமாகக் கதையின் நல்ல பகுதிக்குத் தாவினார். சகரியா ஒரு பலகையைக் கேட்டு வாங்கி எழுதினானாம், உடனே நாவு கட்டவிழ்ந்ததாம். அக்கா விடுவாரா? மறுநாளே சிலேட்டும் சாக்குக்கட்டியும் வந்தன. வார்டே கூடி நின்றது. இவர் இடது கையில் சாக்குக்கட்டியைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். லாரி டிரைவர் எட்டிப் பார்த்து வாசித்தார். மேற்படி. கையெழுத்து மட்டும் முன்னைவிட மோசம்.

இதெல்லாம் சிரிப்புத்தான். அவரை உடைத்தது வேறு. வார்டு நர்ஸ் ஒரு நாள் காலையில் ஊசி எடுக்கப் போகும்போது குறிப்பேட்டை அவர் கட்டிலோரத்து அலமாரிமேல் விரியத் திறந்தபடி வைத்துவிட்டுப் போனார். பதிவேட்டைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாத மனிதர் இவர். பதினோராவது கட்டில்: இரவு நன்றாகத் தூங்கினார், இருமல் இல்லை, காலில் கட்டு மாற்றப்பட்டது. அதற்குக் கீழே பன்னிரண்டாவது கட்டில், அதாவது இவர்: மேற்படி.

இவருக்குக் காலில் கட்டே கிடையாது. இரவு தூங்கவும் இல்லை. விடியும்வரை ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தார். முந்தைய பக்கத்தைப் புரட்டினார், அங்கேயும் அப்படியே. அதற்கு முந்தைய பக்கமும். ஏழு வாரமாகத் தான் இந்த வார்டில் லாரி டிரைவருக்குக் கீழே ஒரு வார்த்தையாக இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது. தான் எழுதிய ஆயிரக்கணக்கான குழாய்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து வந்து தன்னைப் பார்த்ததுபோல் இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேச்சு டாக்டர் வந்தபோது கண்ணைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மனைவி கரண்டியால் ஊட்டியதைக் கடைவாயில் வழியவிட்டார். போதும், இதோடு முடிந்தால் நல்லது என்று அவர் நிஜமாகவே நினைத்தார்.

மூன்றாம் நாள் அக்காவுக்குச் சளி, வரவில்லை. மனைவி கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டு வேதாகமத்தோடு வந்தாள். அவளிடம் வண்ண நூல் எல்லாம் கிடையாது. மேல் துளையிலிருந்து கீழ்த் துளைவரை வரிசையாகத்தான் அவளுக்குப் பழக்கம். ஆதியிலிருந்து ஆரம்பித்து ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் என்று வந்துகொண்டிருந்தவள், கணவர் விழுந்தார் என்பதற்காக வரிசையை மாற்றவில்லை. அடையாளம் வைத்திருந்த இடம் எண்ணாகமம், ஏழாம் அதிகாரம். விரலை வரிக்குக் கீழே வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

வனாந்தரத்தில் பன்னிரண்டு கோத்திரத்துத் தலைவர்கள் ஆளுக்கு ஒரு நாள் காணிக்கை கொண்டுவருகிறார்கள். முதல் நாள் நகசோன் வருகிறான், இன்னாருடைய மகன் என்று தகப்பன் பெயரோடு. வெள்ளித் தாலம் ஒன்று, அதன் எடை. வெள்ளிக் கலம் ஒன்று, அதன் எடை. பொன்னால் செய்த தூபக் கரண்டி ஒன்று. காளை ஒன்று, ஆட்டுக்கடா ஒன்று, குட்டி ஒன்று, வெள்ளாடு ஒன்று. அப்புறம் மாடு இரண்டு, கடா ஐந்து, வெள்ளாடு ஐந்து, குட்டி ஐந்து. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நல்ல பதிவு, எடையெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறான் என்று நினைத்தார்.

இரண்டாம் நாள் நெதனெயேல் வருகிறான். வெள்ளித் தாலம் ஒன்று, அதன் எடை...

அவர் திரும்பினார். சுவரைவிட்டு முழுதாக இந்தப் பக்கம் திரும்பி, இடது கையைத் தூக்கி, "மேற்படி!" என்றார்.

ஏழு வாரத்தில் அந்த வார்த்தை சரியான இடத்தில் வந்து விழுந்தது அன்றைக்குத்தான். லாரி டிரைவர் கை தட்டினார். பதிவேடு தெரிந்த எவனுக்கும் அங்கே அதுதான் வர வேண்டும். மனைவியும் சிரித்துவிட்டாள். ஆனால் நிறுத்தவில்லை.

"நீங்க எழுதினா அப்படி எழுதியிருப்பீங்க. இங்க அப்படி எழுதலையே" என்றாள். தாலம், கலம், கரண்டி, காளை என்று முழுதாகப் படித்தாள். மூன்றாம் நாள் வந்தவனுக்கும் முழுதாக. நான்காம் நாளுக்கும். ஆறாவது தலைவன் வருவதற்குள் லாரி டிரைவர் குறட்டை விட்டார். எட்டாவதில் நர்ஸ் வந்து, இது என்ன ஏலம் விடுகிற இடமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் விரல் வரியைவிட்டு நகரவில்லை.

இவருக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இப்படியா காகிதத்தை வீணாக்குவது? பதினொரு வார்த்தையில் முடிகிற வேலை. ஒன்பதாவது ஆளில் எரிச்சல் எங்கேயோ போய்விட்டது. கடைசி ஆள், பன்னிரண்டாம் நாள், அகீரா. அவன் என்ன கொண்டுவருவான் என்று இந்நேரம் மாட்டுக்கே தெரிந்திருக்கும். பதினொரு நாள் வரிசையில் நின்று, தனக்கு முன்னே பதினொரு பேர் அதே சாமானைக் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்துவிட்டு வருகிறான். அவனுக்கும் தகப்பன் பெயர். அவனுக்கும் தாலம், எடையோடு. ஒரு குட்டிகூடக் குறையாமல் முழுப் பதிவு.

பன்னிரண்டாவது கட்டிலில் கிடந்தவர், ஒருத்தர் உட்கார்ந்து இவனுக்கும் முழுதாக எழுதியிருக்கிறாரே என்று நினைத்தார். இவனைப் பார்த்துத்தானே எழுதியிருப்பார், மேலே இருந்ததைப் பார்த்து இல்லையே. அக்கா படித்த புல்வெளியும் தண்ணீரும் செய்யாததை ஒரு சாமான் பட்டியல் செய்தது. அவர் மனைவியின் புடவை ஓரத்தைப் பிடித்து இழுத்து, புத்தகத்தைக் காட்டி, மறுபடி முதலிலிருந்து என்று சைகை செய்தார். சொன்னதையே சொன்னால் பிடிக்காதவர் கேட்டது அது.

விஷயத்தைக் கேள்விப்பட்ட பேச்சு டாக்டர், பாடப் புத்தகத்தில்கூட இப்படி ஒரு பயிற்சி இல்லை என்று குதித்தாள். தினமும் இதையே படிக்கச் சொன்னாள், ஒவ்வொரு சாமானுக்கும் கடைசி வார்த்தையை மட்டும் அவர் சொல்ல விட்டுவிட்டு. சளி தீர்ந்து வந்த அக்காவுக்கு ஒரே ஆத்திரம். "நோயாளிக்குப் போய் ஆட்டுக் கணக்கையா படிப்பாங்க?" என்று சண்டை போட்டார். "வரிசைப்படி வந்தது அண்ணி" என்றாள் மனைவி.

ஒரு வாரத்தில் வார்டு முழுக்கப் பாடமாகிவிட்டது. மனைவி "வெள்ளித் தாலம்" என்றால் மற்றப் பதினொரு கட்டிலும் "ஒண்ணு" என்று முழங்கும். குடல் அறுவை செய்துகொண்டவர் மெதுவாக முழங்குவார், தையல் பிரிந்துவிடும் என்று. கஞ்சி கொண்டுவருகிற பணியாளர் காளைக்குச் சரியாக வந்து நிற்பார். பயிற்சியின் ஒன்பதாம் நாள் "தூபக் கரண்டி" என்று அவள் நிறுத்தியபோது, கூட்டத்தோடு கூட்டமாக, இவருடைய கோணிய வாயிலிருந்து, "ஒண்ணு" என்று வந்தது. அவளுக்குக் கேட்டது. காட்டிக்கொள்ளாமல் காளைக்குப் போனாள். "ஒண்ணு" என்றார் மறுபடி.

அதற்குப் பிறகு தாலம் வந்தது, கலம் வந்தது. பத்து நாளில் கூட்டத்தோடு சேர்ந்து பாதி அதிகாரம் சொன்னார். அக்கா இப்போது சிவப்பு நூல் ஒன்றை ஆட்டுக் கணக்குப் பக்கத்திலும் போட்டுவிட்டார், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல. ஆனால் பேச்சு டாக்டர் மனைவியை வெளியே கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். இது பாட்டுப்போலத்தான் வருகிறது. கூட்டம் நின்றால் நின்றுவிடுகிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவராகத் தேடி எடுத்துச் சொன்னால்தான் அது பேச்சு. மூன்று மாதத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

கதவு சாத்தவில்லை. எல்லாம் அவர் காதில் விழுந்தது.

மறுநாள் மதியம் அவள் வழக்கம்போல் வந்து, பையை இறக்கி, முகம் துடைத்து, புத்தகத்தைத் திறந்தாள். வார்டு தயாரானது. பன்னிரண்டு தலைவர்களும் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அகீராவின் கடைசி ஆட்டுக்குட்டியும் போய்ச் சேர்ந்தது. அவள் புத்தகத்தை மூடப் போனபோது அவர் இடது கையை அதன்மேல் வைத்தார்.

"பதி... பதி... பதிமூணாம்" என்றார்.

பதின்மூன்றாவது ஆள் கிடையாது அண்ணே, பன்னிரண்டோடு சரி என்றார் லாரி டிரைவர். அவர் தலையை ஆட்டினார், இருக்கிறது என்று.

"பதிமூணாம் நாள்." மூச்சு வாங்கினார். நெற்றி நரம்பு புடைத்தது. பிறகு மனைவியின் பெயரைச் சொன்னார். இருபத்தேழு வருடமாக இந்தாம்மா என்றே கூப்பிட்டவர் அவர். "கடி... கடிகாரக் கடைக்காரர் மக."

அவளுடைய அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். வார்டில் யாரும் முழங்கவில்லை. குரல் இப்போது தனியாகத்தான் வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மலை ஏறி இறங்கினார்.

"வெந்நீர்க் குப்பி, ஒண்ணு. மூடி... நெளிஞ்சது. சீப்பு, ஒண்ணு. துண்டு, ரெண்டு. ஒண்ணு ஈரம்." இடையில் மேற்படி என்று வந்துவிட்டது. அவர் கட்டிலை ஓங்கித் தட்டி, அதை விரட்டிவிட்டு, திரும்ப ஆரம்பித்தார். "துண்டு, ரெண்டு. பஸ்... பஸ், ரெண்டு மாறி. படி, நாப்பத்தி நாலு. முழங்கால் வலி, ரெண்டு."

படி ஏறி வருவதை அவர் எண்ணியிருக்கிறார் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. படிக்கட்டில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்து எண்ணியிருக்க வேண்டும்.

"அழுகை" என்றார் அவர். கொஞ்ச நேரம் தேடினார். பண்டகசாலையில் காலிக் கட்டத்துக்கு எழுதுகிற வார்த்தை அகப்பட்டது. "இல்லை."

அந்தப் பதிவு அடுத்த நொடியே தப்பாகிப்போனது. இரண்டரை மாதமாக அந்த வார்டில் யார் முன்னேயும் அழாதவள், புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். அவர் அவளையே பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் தப்பான பதிவைத் திருத்தாமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. இடது கையின் ஒரு விரலை உயர்த்தினார்.

"அழுகை, ஒண்ணு" என்றார்.